வடக்குச் சுவரின் குழாய்

பனி அள்ளுகிற வேலை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுவார்கள். எனக்கு அது மனத்தை அமைதிப்படுத்தும். ஏரிக்கரை நகரமான இந்தத் துலூத்தில் முப்பது குளிர்காலங்களைப் பார்த்துவிட்டேன்.

வாடகை ஒப்பந்தத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட பிரிட்டாவும் சேர்ந்து கையெழுத்திட்டது. ஒருத்தி செய்யும் தவறுக்கு இருவருமே முழுப் பொறுப்பு என்கிறது ஒன்பதாம் பிரிவு. நான் அதை மூன்று முறை படித்தேன். அவள் பேனாவை மட்டும் கேட்டாள்.

நாய் வளர்க்கக் கூடாது என்பது பன்னிரண்டாம் பிரிவு. அக்டோபரில் அவள் ஒரு நாயைக் கொண்டுவந்தாள். ஜனவரியில் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். பத்து நாளில் நாய் போகாவிட்டால் எங்களை வெளியேற்ற வழக்குத் தொடுப்பாராம். அறிவிப்பில் என் பெயர்தான் முதலில் இருந்தது. வழக்கு பதிவானால் இந்த ஊரில் எனக்கு எவரும் வீடு தர மாட்டார்கள். ஒரு குளிர்காலத்தை நான் காருக்குள் கழித்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

"உங்க அம்மா வீட்ல விட்டுடேன் பிரிட்டா," என்று கெஞ்சினேன்.

ரொட்டிக்கடை வேலை முடிந்து வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சிரித்தாள். "போடி வக்கீலம்மா. ரெண்டு பேரும் பொறுப்புன்னு நீதானே படிச்சுப் படிச்சு சொன்ன? அப்ப சேர்ந்தே தெருவுல நிப்போம்."

"நான் விளையாடல."

"நீ என்னைக்குடி விளையாடியிருக்க? அதான் உன் வியாதியே."

எனக்குக் கோபம் வரவில்லை. வருவதும் வழக்கமில்லை.

வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் புகைக்குழாய் வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பனி மூடினால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதில் வாசனையே இல்லாத நச்சுவாயு இருக்கும். அதனால் பனிப்புயல் ஓய்ந்ததும் இங்கே எல்லோரும் முதலில் அந்தக் குழாயைத்தான் துப்புரவாக்குவார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளின்படி அந்த வாரம் குழாய் அவள் முறை, படிக்கட்டு என் முறை.

புயல் ஓய்ந்த ஞாயிறு காலை அவள் இரவு வேலையிலிருந்து வந்து படுத்துவிட்டாள். வீட்டுக்காரர் தந்த பத்து நாளில் எட்டாவது நாள் அது. நான் என் முறைப்படி படிக்கட்டைச் சுத்தம் செய்தேன். அள்ளிய பனியை எங்காவது போட வேண்டும் அல்லவா? வடக்குச் சுவரோரம் போட்டேன். குழாய் மறைந்தது. மண்வாரியின் முதுகால் தட்டி இறுக்கினேன். நச்சுவாயு அலாரத்தின் பேட்டரியை வியாழக்கிழமையே கழற்றி என் பைக்குள் போட்டிருந்தேன். மாற்றுப் பேட்டரி போடுவதும் அந்த மாதம் அவள் பொறுப்பு.

பிறகு நாயைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். நாய் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து மணி நேரம் நடந்தோம். வரும்போது அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று தெரிந்துதான் நடந்தேன்.

ஆம், அவளைக் கொன்றது நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: ஒப்பந்தம் ஆகஸ்ட் வரை இருக்கிறது, இனி முழுப் பொறுப்பும் என் ஒருத்தியுடையது. பாருங்கள், கடைசியிலும் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.