இன்னிக்கு ஸ்வேலே இலவசம்

இல்ல பெரியவரே, இதுல ஏமாத்து வேலை ஒண்ணும் இல்ல. இலவசம்னா இலவசம்தான். நான் இந்தப் படகுத்துறைல இந்த ஸ்வேலே அப்பம் சுட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒருத்தருக்கும் ஓசில குடுத்ததில்ல. சொந்த நாத்தனார் வந்தப்பகூட காசை வாங்கிட்டுத்தான் தட்டை நீட்டினேன். ஊருக்கே தெரியும். அதனாலதான், இந்த கூன்வோர் சும்மா தர்றாளாம்னு சொன்னதும் வரிசைல நின்ன அத்தனை வண்டியும் காலியாயிடுச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

வண்டிச் சாவிலேர்ந்து கையை எடுங்க முதல்ல. ஹீட்டருக்கா? குளிருதுதான், யாரு இல்லேன்னா? மேல என் கடைல கதகதன்னு இருக்கு, வாங்க.

வெண்ணெய் பட்டா கறையாகுமா? அட ஆமா, வெள்ளிப் பட்டனெல்லாம் மின்னுது, விசேஷ உடுப்பு. யாருக்கு? பேத்திக்கு ஞானஸ்நானமா! நீங்கதான் குழந்தையைத் தூக்கிட்டு நிக்கணுமா? அப்ப அவசரம்தான். மணி அடிக்கறதுக்குள்ள அக்கரைல இருக்கணும். புரியுது. ஆனா நீங்க இங்க உக்காந்து முறைக்கறதால படகு கிளம்பாது. கேஸ் ஏத்திட்டிருக்காங்க.

சாதா கேஸ் இல்லீங்க. உறைய உறையக் குளிர வச்சு தண்ணியா மாத்தின கேஸ். டீசல் புகை நாறுதுன்னு நாமதானே ஊர்கூடிக் கத்தினோம்? இப்ப புகையும் இல்ல, நாத்தமும் இல்ல. உங்க மலைக்குடில்ல அடுப்பு கேஸ் கசிஞ்சா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடறோம்ல? இது அப்படியெல்லாம் அநாகரிகமா நாறாது. ரொம்ப மரியாதையான கேஸ். வந்ததே தெரியாது.

கதவைத் திறங்க, நான் பிடிச்சுக்கறேன்.

அந்தக் குளிர்ச்சி இருக்கே, அது கொஞ்சம் தகட்டுல சிந்தினாப் போதும், இரும்பு பிஸ்கட் மாதிரி உடைஞ்சுடும். அதுக்காக, ஏத்தற நேரம் பூரா கப்பலோட ஓரமா தண்ணியை வழிய விடணும். சிந்தினாலும் தண்ணி அதை அடிச்சுட்டுப் போயிடும். நல்ல ஏற்பாடு. ஆனா நம்ம ஊர் குளிர்ல அந்தத் தண்ணி துறை பூரா ஐஸாப் பிடிச்சுது. போன குளிர்காலம் யாரோ ஒருத்தர் வழுக்கி விழுந்து, கையை உடைச்சுக்கிட்டு, பேப்பர்ல எழுதி, ஒரே ரகளை. உடனே பாதுகாப்புக் குழு கூடிச்சு. காபி குடிச்சாங்க, கேக் சாப்பிட்டாங்க, தண்ணியை நிறுத்திட்டாங்க. ஜனங்களோட பாதுகாப்புக்காகவாம்.

என்ன சொன்னீங்க? அது நீங்கதானா?

சரி விடுங்க, தலையைக் குனியாதீங்க. கை இப்ப எப்படி இருக்கு? நல்லா மடங்குதா? அப்ப அந்தச் சாவியை எடுத்து என் உள்ளங்கைல வைங்க. ஆங். நான் பத்திரமா வச்சுக்கறேன். இல்ல, வண்டியைப் பூட்ட வேணாம். உங்க பழைய வண்டியை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க.

போனையும் உள்ள வைங்க. அப்புறம் பேசலாம் மகள்கிட்ட. படம் எடுக்கவா? அழகாத்தான் இருக்கு, வெள்ளையா தண்ணி மேல தவழ்ந்து வருது, பனிமூட்டம் மாதிரி. நம்ம கம்பத்துல காத்து திசை காட்டற ஆரஞ்சுப் பை தொங்குதே, அது எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு? வண்டி வரிசைப் பக்கமா? எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் முந்தி கடல் பக்கம்தான் நீட்டிக்கிட்டிருந்துது.

நடங்க. இந்த மேட்டுப் பக்கமா. வேகமா நடங்க, ஆனா ஓடாதீங்க. நீங்க ஓடினா கடைல இருக்கறவங்க ஜன்னல் வழியாப் பாப்பாங்க.

பட்டுனு ஒரு சத்தமா? ஆமா, நானும் கேட்டேன். யாரோ சட்டியைப் போட்ட மாதிரி. சட்டி இல்லீங்க, கப்பல் தகடு. கீறல் விட்டுடுச்சு.

சைரனா? இருந்துச்சே. போன முறை ஒத்திகைக்கு அடிச்சாங்க. என்ன ஆச்சு தெரியுமா? ஒரு ஆள் விடாம அவங்கவங்க வண்டிக்குள்ள ஓடி, ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடி வழியா வேடிக்கை பாத்தாங்க. ஒரு பொறி போதும் இந்த கேஸுக்கு. நம்ம ஊர்ல ஆபத்துன்னா வண்டிக்குள்ள ஏறுவாங்க, ஓசின்னாத்தான் இறங்குவாங்க. அதனால கேப்டன் என்கிட்ட வந்து, கூன்வோர், இனிமே நீதான் சைரன்னு சொல்லிட்டாரு. மாவு மட்டும் எப்பவும் கரைச்சே வச்சிருக்கேன்.

பாத்து, இங்க வழுக்கும். என் கையைப் பிடிங்க. எனக்கும் பயமா இருக்குங்க, இல்லாம என்ன.

பேத்தி பேரு என்ன வைக்கப் போறீங்க? ரக்ன்ஹில்டா? நல்ல பேரு. பாதிரியார் காத்திருப்பாரு, கவலைப்படாதீங்க. குழந்தையும் எங்கயும் ஓடிடாது.

யாராவது உள்ள இருக்காங்களான்னா, ஒருத்தர் இருக்காரு. குழாய் வால்வை மூடணும்ல. அது தானா மூடிக்கும்னு குழுல சொன்னாங்க, மூடல. மஞ்சள் தொப்பி போட்டுக்கிட்டு அந்த மூட்டத்துக்குள்ள போனாரு. டோர்லைவ். காலைல கையுறையை மறந்து வச்சிட்டுப் போனாருன்னு சண்டை போட்டுத்தான் குடுத்தனுப்பினேன். ஆமாங்க, என் வீட்டுக்காரர்தான்.

திரும்பிப் பாக்காதீங்க. நானும் பாக்கல பாருங்க. பாத்தேன்னா ஓடிடுவேன். ஓடினா அந்தப் பக்கம்தான் ஓடுவேன்.

உங்களுக்கு வெண்ணெய் வேணாம்ல? வெறும் சர்க்கரை தூவித் தர்றேன்.