இடுக்குக்குள் போகும் கை

எனக்கு வளையல் வாங்குவது பெரிய பாடு, மேடம். பெரியவர்கள் அளவு எதுவும் என் கையில் நிற்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெட்டியில்தான் தேட வேண்டும். கும்மிடிப்பூண்டி பஜாரில் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "பாப்பாவுக்கா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டே வாங்கி வருவேன்.

என் வீட்டுக்காரர் பென்னியின் ஒர்க்‌ஷாப் சிப்காட் பக்கம், வீட்டை ஒட்டியே. கன்டெய்னர் லாரி ஓடி ஓடிக் குழியான ரோடு அது. பழைய கார்களுக்கு சஸ்பென்ஷன்தான் முதலில் போகும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் என்கிற இரும்புக் கையை வண்டியோடு பிடித்திருக்கும் போல்ட் ஒன்று உண்டு. காரைத் தூக்கி வைத்து அதை இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நின்று பாரம் முழுக்க இறங்கிய பிறகு, கீழே ரிப்பேருக்காக வெட்டிய குழிக்குள் நின்று இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். பாரம் இறங்கினால் இடுக்கும் குறுகிவிடும், பென்னியின் கை மணிக்கட்டோடு நின்றுவிடும்.

கல்யாணமான இரண்டாம் மாதம் ஒருநாள், "ஜெசி, இங்க வாமே, உன் கைய கொஞ்சம் குடு" என்று கூப்பிட்டார். சாம்பாரை அணைத்துவிட்டுக் குழியில் இறங்கினேன். பாதியாக வெட்டிய ஸ்பேனரோடு என் கை சுலபமாக உள்ளே போனது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இறுக்கியதும் நட்டின் மேல் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒன்பது வருஷம் அதுதான் எங்கள் கடையின் முத்திரை. "அக்கா கை வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

போன ஆடியில் பென்னி ஒரு டூல் வாங்கி வந்தார். கழுத்தை எந்தப் பக்கமும் மடக்கலாம், கை போகாத இடுக்கிலும் போகும். "இனிமே நீ குழில எறங்கிக்கினு கஷ்டப்பட வேணாம். ஊட்ல நிம்மதியா இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. என் நெயில் பாலிஷை நீளக் குச்சியில் தொட்டு அவரே கோடும் போட்டார்.

அடுத்த வாரம் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு வண்டியின் நட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன். பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுசாகப் போட்டேன். மூன்றாம் நாள் வண்டி கடகடவென்று சத்தத்தோடு திரும்பி வந்தது. "இன்னா பேஜாரு இது, நல்லாத்தான டைட் பண்ணேன்? ஜெசி, வாமே!" என்றார். குழிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். காதலித்த நாட்களில்கூட அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம் இன்னும் இரண்டு வண்டி அப்படித் திரும்பி வந்தது.

ஆனால் அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை, டூல் மேல்தான் வந்தது. அதைவிட நல்லதாக ஒன்று வாங்கிவிட்டார். அதை முதலில் போட்டது அருணாச்சலம் சாரின் வெள்ளைக் காருக்கு. ரிட்டையர் ஆன ஃபோர்மேன், இருபத்தைந்து வருஷமாக அதே கார். மகள் அமிர்தாவையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மறுநாள் அமாவாசை, திருவள்ளூர் கோயிலுக்குப் போகிறார்களாம். வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

பென்னி சாப்பிட உட்கார்ந்தபோது நான் குழியில் இறங்கினேன். இரண்டு சுற்று தளர்த்தினால் திரும்பவும் டூலைத்தான் குறை சொல்வார். டூலே வேண்டாமென்று என்னைக் கூப்பிடட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினேன். இன்னும் கொஞ்சம். விரல் நுனியில் மரை ஒவ்வொன்றாக விடுவது தெரிந்தது, குறுகுறுவென்று இருந்தது. கோட்டை மறுபடி போட்டேன். பென்னி டார்ச் அடித்துப் பார்த்தார். சிவப்பு தெரிந்தது. எங்கள் கடையில் சிவப்பு தெரிந்தால் அதற்கு மேல் யாரும் தொட மாட்டார்கள்.

பெரியபாளையம் தாண்டி நடந்தது உங்களுக்குத் தெரியும். சக்கரம் மடங்கி, எதிரே வந்த பஸ்ஸில் போய் மோதியிருக்கிறது. பென்னியை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவசரத்தில் இறுக்காமல் விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேடம், அது அவசர வேலை இல்லை. பார்க்காமல், சத்தமில்லாமல், கோடு பிசகாமல் செய்தது. பென்னியின் கை அங்கே போகவே போகாது. வேண்டுமானால் ஒரு வண்டி கொண்டு வாருங்கள், இப்போதே செய்து காட்டுகிறேன்.

குழந்தையும் அதில் போகிறது என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். சாயங்காலம் வண்டி எடுக்க வந்தபோது அதற்கு பிஸ்கட் கொடுத்தது நான்தான். தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்ததும் நான்தான்.

மூன்று பேரைக் கொன்றேன் என்று எழுதாதீர்கள். நான் நட்டைக் கழற்றவே இல்லை. பென்னி திரும்பக் கூப்பிட வேண்டுமே என்று, கடைசியில் ஒரு மரை மிச்சம் வைத்திருந்தேன்.