மூணாவது மரம்

இல்லீங்க, டிக்கெட் எடுத்துட்டேன், பென்னாகரத்துக்கு. சும்மா எந்திரிச்சி எந்திரிச்சி உக்கார்றேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. முடியலீங்க. தருமபுரி கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டு வர்றேன். என்னா கேஸா? மரக் கேஸுங்க. ஒரு மனுசன் செத்துப்போன கேஸு.

எம் பேரு மாது. மரம் வெட்டற கூலி. ஆண்டியும் நானும் ஒம்பது வருசமா ஒண்ணாத்தான் வேலைக்குப் போவோம். போன வைகாசியில புளியமரம் சாஞ்சி அவன் செத்துட்டான். அவம் பொண்டாட்டி மாதம்மா, நஷ்டஈடு கேட்டு மரவியாபாரி கிருஷ்ணப்பன் மேல கேஸு போட்டுருக்குது.

அவரு என்னாங்கறாருன்னா, நெலத்துக்காரரு பெரியநாயகத்துக்கும் எனக்கும் பத்தரத்துல அக்ரிமெண்ட்டு, ரெண்டே மரம், ரெண்டும் பட்டாவுல நின்னதுங்கறாரு. ஆண்டி மேல வுழுந்தது மூணாவது மரம். வரப்புக்கு அந்தாண்ட, ஓடப் பொறம்போக்குல நின்னுச்சி. பொறம்போக்குன்னா சர்க்கார் மரமில்லீங்களா, தாசில்தார் உத்தரவு இல்லாம யாரும் கைய வெக்கக் கூடாது. உத்தரவும் இல்ல, அக்ரிமெண்ட்டுலயும் இல்ல, அவனாத் திருட்டுத்தனமாப் போயி வெட்டுனான், நான் எப்பிடிப் பொறுப்புங்கறாரு.

நானா? அன்னிக்கு நான் காரிமங்கலம் சந்தைக்குப் போயிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேங்க. எழுதிக்கிட்டாங்க.

தண்ணி வேணாங்க, இருக்கட்டும்.

வெளிய வந்தா வேப்பமரத்தடியில மாதம்மா நிக்குது. திட்டும்னு நெனச்சேன். திட்டலீங்க. அண்ணா, அவுரு திருடுவாரா, நீயே சொல்லுன்னுச்சி. நான் பஸ்ஸு ஏற வந்துட்டேன்.

திருடலீங்க. ஆண்டி கேட்டான், உத்தரவு வந்துருச்சாங்கன்னு. மனு குடுத்தாச்சி, நாளைக்கு வந்துரும், லாரி நிக்குது சாய்ங்கடான்னு கிருஷ்ணப்பன்தான் வெரட்டுனாரு.

எனக்கு எப்பிடித் தெரியும்னா கேக்கறீங்க? செத்தவன் பக்கத்துல கோடாலி கெடந்துச்சின்னு போலீசு எழுதிக்கிச்சி. அவ்ளோ மொத்தமான புளியமரத்த யாருங்க கோடாலியால சாய்ப்பாங்க? ரம்பந்தான். ரம்பத்த ஒருத்தனா இழுக்க முடியாதுங்க. அந்தாண்ட ஒரு ஆளு, இந்தாண்ட ஒரு ஆளு. ஜட்ஜய்யா கூட இத ஒரு வார்த்த கேக்கல.

இந்தாண்ட இழுத்தவன் நாந்தாங்க. மரம் முறியற சத்தங் கேட்டு நான் குதிச்சிட்டேன். அவன் குதிக்கல. சர்க்கார் மரம்டா மாது, வெட்டுன கைக்குத்தான் மொதல்ல வெலங்குன்னாரு அங்க நின்ன கிருஷ்ணப்பன். அவனுக்கு உசுரு இருக்குதான்னு கூடப் பாக்காம ரம்பத்தத் தூக்கிட்டு ஓடுனேன்.

இது இண்டூருங்களா? கொஞ்சம் கால நகத்திக்குங்க, எறங்கிக்கறேன். எதுத்தாப்புல தருமபுரி பஸ்ஸு நிக்குது. கோர்ட்டு அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்னாங்க.