பிள்ளைக் காம்பராவுக்கு இடம் சொன்ன கோல்

விழாவுக்கு விளக்கேற்றி வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! இந்த மலையைத் திருத்தி மண்ணுக்குப் பச்சை போர்த்திய பெரியோர்களே! பகலெல்லாம் கொழுந்து சுமந்து, மாலையில் மழலையைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இளைஞர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் பிள்ளைகள் தங்கும் இந்தப் பிள்ளைக் காம்பரா எழுமா, எழாதா என்று நாம் ஏங்கியதை மறக்க முடியுமா? முதலில் குறித்த நிலத்தின் மேலே உயரழுத்த மின்கம்பி ஓடியது. “எம் புள்ளைங்கள அங்க விட மாட்டேன்” என்றார், இரட்டைப் பிள்ளைகளின் தாயான சண்முகவடிவு அக்கா. “கம்பி அம்புட்டு ஒசரத்துல போவுது. பயப்பட என்னா இருக்கு?” என்றார் நம் அழகன் அண்ணன். லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு வாதம். வேலை நின்றது.

அப்போது வந்தார், நம் தோட்டத்தில் பிறந்து கண்டியில் மின்துறைத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கும் சுதர்ஷினி, மின்புலம் அளக்கும் மீட்டரோடு! கை தட்டுங்கள், அவர் வெட்கப்பட்டாலும் தட்டுங்கள்!

அழகன் அண்ணன் மீட்டரை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். சிறிய எண். “பாத்தீங்களா!” என்றார். அக்கா வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார். பெரிய எண். “இப்ப என்னா சொல்றீங்க?” என்றார். ஒரே நிலம், ஒரே கம்பி, ஒரே மீட்டர்! எண் மட்டும் ஏன் இரண்டு?

சுதர்ஷினி சிரித்தார். “ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்லைங்க. நம்ம ஒடம்பு மின்சாரத்தக் கடத்தும். நாம பக்கத்துல நின்னாலே அங்க உள்ள புலம் மாறிப்போகும். ஆளில்லாதப்ப எவ்வளவு இருக்குன்னுதான் நமக்குத் தெரியணும்.”

மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழைக் கோல் ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் மீட்டரைப் பொருத்தினார். ஈரம் படிந்தால் கோலும் கடத்தும் என்று மூடுபனி விலகும்வரை காத்திருந்து, துணியால் துடைத்தார். எங்களைத் தேயிலை நிரைக்கு அப்பால் விரட்டினார். மறுமுனையைப் பிடித்து, தள்ளி நின்று அளந்தார். பிறகு அக்காவிடம் கொடுத்தார், அண்ணனிடம் கொடுத்தார். அதே இடத்தில், அதே உயரத்தில், எவர் பிடித்தாலும் எண் ஒன்றே!

எங்கே எவ்வளவு என்றா கேட்கிறீர்கள், பின்வரிசையில்? சொல்கிறேன். கம்பிக்கு அடியில் அதிகம். சரிவில் இறங்க இறங்கக் குறைந்தது. அடிவாரத்தில் அச்சமே தேவையில்லை. ஆனால் அந்த அடிவாரம் யாருடையது? அழகன் அண்ணன் பாடுபட்டுப் போட்ட போஞ்சிக்காய்த் தோட்டம்! பூத்து நின்ற கொடிகளை அண்ணன் பார்த்தார். நாங்கள் அண்ணனைப் பார்த்தோம்.

“வடிவு தங்கச்சி, புள்ளைங்க ஓடியாட இந்த எடம் போதுமா, பாரு” என்றார் அண்ணன்.

“போதும்ண்ணே” என்றார் அக்கா.

அன்பர்களே! அச்சம் ஓர் எண் சொன்னது. ஆசை ஓர் எண் சொன்னது. இரண்டும் எட்டி நின்றபோது உண்மை தன் எண்ணைச் சொன்னது! அந்த உண்மைக்கு ஒரு மனிதர் தன் மண்ணைத் தந்தார்!

உள்ளே கேட்கிறதா கும்மாளம்? சுவரில் வண்ணம் காயும் முன்னே பிள்ளைகள் கைத்தடம் பதித்துவிட்டார்கள். தலைவர் அவர்களே, அதன்மேல் மறுபடி வண்ணம் பூச வேண்டாம் என்று கேட்டு, கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!