பக்கத் தையல்

கடையில் தொங்குகிற டாப்ஸ் எதுவும் ஒருவருடைய உடம்பைப் பார்த்துத் தைத்ததல்ல. தோள் சரியாக இருந்தால் இடுப்பு தொளதொளக்கும். இடுப்பு சரியாக இருந்தால் கையைத் தூக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ரெடிமேட் வாங்குகிற பழக்கமே கிடையாது. அம்மா போன பிறகு என் தங்கை ஃபிளோரா உடுத்தியதெல்லாம் நான் தைத்தவைதான். பள்ளிக்கூட யூனிஃபார்ம், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குப் போட்ட வெள்ளை கவுன், காலேஜ் சுடிதார், எல்லாமே.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், மேடம். ஆனால் அம்மாவிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அப்பா நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். அம்மா பெயர் அமலோற்பவம். வயிற்றில் கட்டி இருந்தது கடைசியில்தான் தெரிந்தது. முதலில் தெரிந்தது ஜாக்கெட் லூசானது. நான் பிடித்துத் தைத்துக் கொடுப்பேன், அடுத்த மாதம் அதுவும் லூசாகிவிடும். ஆறு வயது ஃபிளோரா மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள், "அம்மா ஏங்க்கா சின்னதாயிட்டே போறாங்க?" என்று கேட்டாள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா போய்ச் சில வருடங்களில் அப்பாவும் போய்விட்டார். எனக்கு வந்த வரன்களை நானே வேண்டாம் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதை ஒரு தியாகமாகவும் நான் நினைக்கவில்லை. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன், மத்தியானம் தைப்பேன், சாயங்காலம் அவள் வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அவள் படித்து முடித்து இங்கேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

எல்வினைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நல்ல பையன். தோஹாவில் வேலை. ஒரு கல்யாணத்தில் ஃபிளோராவைப் பார்த்துவிட்டு, வீட்டாரோடு முறையாக வந்து பெண் கேட்டார். "கவலைப்படாதீங்கக்கா, வருஷத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார். ஃபிளோரா முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் அதுவரை பார்த்ததில்லை. நானும் சரி என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை என்பதை மட்டும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் முறை நடந்தது உண்மையிலேயே கைத்தவறுதான். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு பச்சைக் காட்டன் டாப்ஸ். வெட்டும்போது நினைப்பு எங்கேயோ போய்விட்டது, கத்தரி சற்று அகலமாக ஓடிவிட்டது. ஃபிளோரா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இடுப்புத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நான் எளைச்சிட்டனா?"

துணியை அகலமாக வெட்டிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் வந்து என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். அன்று எல்வினின் போன் அடித்தபோது அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் முழுக்க என்னை விட்டு நகரவில்லை, சின்னப் பிள்ளையில் இருந்தாளே, அப்படி. நான் தலையைக் கோதிவிட்டு, "லேசாத்தான் பாப்பா" என்றேன். "கல்யாண அலைச்சல்."

அடுத்தது கைத்தவறு இல்லை.

அவள் பள்ளிக்குப் போன பிறகு துவைத்து மடித்த டாப்ஸில் ஒன்றை எடுப்பேன். பக்கத் தையலைப் பிரிப்பேன். வீட்டில் தைக்கிறவர்கள் பின்னால் உதவும் என்று உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். அதிலிருந்து ஒரு நூல் பருமன் வெளியே தள்ளித் தைப்பேன். பிறகு தண்ணீர் தெளித்து அயர்ன் பண்ணினால் பழைய தையல் இருந்த தடம் வெளியே தெரியாது. ஒரே நாளில் தெரிகிற மாதிரி எதையும் செய்ததில்லை. அவசரப்பட்டுத் தைத்தால் எதுவும் நன்றாக வராது.

அவள் அளவு எடுத்துப் பார்க்கச் சொன்னாள். டேப்பை இறுக்கிப் பிடித்தால் ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும். மெடிக்கல் ஷாப் வாசலில் எடை பார்த்துவிட்டு, "அதே எடைதாங்க்கா இருக்கேன்" என்று ஓடி வந்தாள். "அந்த மெஷின் எப்பவுமே கூடத்தான் காட்டும், ஊருக்கே தெரியும்" என்றேன். கல்யாண லீவில் வந்த எல்வின் அவளைத் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும், அம்மாவுக்கும் முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன். அம்மாவுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கவே இல்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும், ஆறு வயதுப் பிள்ளை.

கோயிலில் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கிற முதல் ஓலை வாசிக்க இருந்த வாரம் ஃபிளோரா எல்வினை வீட்டுக்கு வரச் சொன்னாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

"வேற பொண்ணு பாத்துக்குங்க" என்றாள்.

"டாக்டரே ஒண்ணுமில்லங்கறார், ஃபிளோரா."

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எங்கப்பா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. உங்களையும் அப்படி உக்கார வெக்க என்னால முடியாது."

எல்வின் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கக்கா."

"அவ இஷ்டம் தம்பி" என்றேன்.

போகும்போது அவர் வாசலில் நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எங்கள் வீடு மறுபடி வீடு மாதிரி இருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டாள். வெள்ளியும் சனியும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் நான் தைக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக் கொடுத்தாள். வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஈரக் காற்று வரும். இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக அவளைத் தேற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை, மேடம். முதலில் நீல டாப்ஸை மட்டும் பழைய அளவுக்குப் பிடித்துத் தைத்தேன். உடம்பு தேறுகிறது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பழைய அளவிலேயே அது தொளதொளவென்று தொங்கியது. இன்னும் பிடித்துத் தைத்தேன். அப்போதும் தொங்கியது. அப்போதுதான் அவளைத் துணி இல்லாமல் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குளிக்க வெந்நீர் கொண்டுபோனபோது பார்த்தேன். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. பயத்தில் சோறு இறங்காமல், தட்டில் போட்டதில் பாதியை நான் பார்க்காதபோது கொல்லைக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள், வாஸ்தவம். ஆனால் அதன் பிறகு அவள் என் முகத்தில் விழித்திருப்பாளா? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைத்தேன்.

மார்கழிப் பனியில் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கிவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது, எதிர்த்து நிற்க உடம்பில் சத்தே இல்லை என்றார் டாக்டர். "ஏம்மா, எத்தன மாசமா பட்டினி போட்டீங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. மூன்று வேளையும் சமைத்தவள் நான்.

கடைசியாக அவள் என்னிடம் பேசியதைச் சொல்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினாள்.

"நல்லவேளக்கா, நான் அவரக் கட்டிக்கல. உன்கூடவே இருந்துட்டேன். நான் போயிட்டா நீ தனியாயிடுவியே, அதுதான் கஷ்டமா இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல அதுதான் கடைசி சந்தர்ப்பம் என்று எனக்குத் தெரியும். "தூங்கு பாப்பா" என்றேன்.

அடக்கம் முடிந்த பிறகு அவள் டாப்ஸையெல்லாம் பக்கத்து வீட்டு ஆயிஷாவிடம் கொடுத்தேன், அவள் மகளுக்கு ஆகட்டும் என்று. மறைக்க நினைத்திருந்தால் கொடுத்திருப்பேனா? ஆயிஷாவும் தைப்பவள். அளவு குறைக்கப் பிரித்திருக்கிறாள். நான்கைந்து டாப்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஜோதிக்கா, எல்லாத்துலயும் உள்ளேயிருந்து வெளிய வரிசையா ஊசி ஓட்டை இருக்கு. புள்ள எளைச்சா உள்ளதானே பிடிச்சுத் தைப்பாங்க? நீங்க ஏன் வெளிய தள்ளித் தச்சீங்க?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டேன். ஆயிஷா டாப்ஸைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அவள்தான் எல்வினுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அவர் தோஹாவிலிருந்து வந்து ஸ்டேஷனில் உங்களிடம் புகார் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அருள்ஜோதி, சவரியப்பன் மகள், என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்ற வார்த்தையை மட்டும் போடாதீர்கள், மேடம். கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினேன். உடம்பு துடைத்துவிட்டேன். எழுந்து நடக்க முடியாதபோது தோளில் சாய்த்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. நீங்களே சொல்லுங்கள், தோஹாவில் அவளை யார் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?