புதன் நகர்ந்த தூரம்

— பொறு சக்தி, பொறு! லெப்டொப்பைத் தொறக்காத. மொதல்ல இந்த பிளேன்டியக் குடி.

— பண்டாரவளையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்ததே இதப் பாக்கத்தாங்க. தள்ளுங்க.

— புருசனப் பாக்க இல்லையா?

— பாத்துட்டேன். சட்டை பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க. இப்பத் தள்ளுங்க.

— டீச்சர்மாருக்கு மூணு நாள் டிரெயினிங்ல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? அதச் சொல்லேன் மொதல்ல…

— ஏங்க, வெளையாடாதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். ரெண்டு தடவை தவணை வாங்கியாச்சு. இன்னொரு தடவை கேட்டா பட்டமே கெடையாதுன்னு கம்பஸ் சேர் சொல்லிட்டாரு. கம்ப்யூட்டர் கணக்கத் தொண்ணூத்தொம்பது தடவை ஓட விட்டாச்சு. இந்த நூறாவது மட்டும்தான் பாக்கி.

— தெரியாதா எனக்கு? எட்டுக் கோளும் இன்னும் ஐநூறு கோடி வருசத்துக்கு அதது பாதையிலயே சூரியனச் சுத்துமா, இல்ல ஒண்ணோட ஒண்ணு மோதிக்குமா… எட்டு மாசமா இந்தக் காம்பரா வீட்டுக்குள்ள அதே பேச்சுத்தானே. சோறு பொங்குறப்பவும் அது, படுக்குறப்பவும் அது.

— அப்ப என்னத்த மறைக்கிறீங்க?

— வியாழக்கிழமை… கரண்ட் போச்சு.

— நீங்க சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— நீ பஸ் ஏறிக் கொஞ்ச நேரந்தான் இருக்கும். மேல் லயத்து வீட்டு வரிசைக்கிட்ட மரம் ஒண்ணு கம்பியில விழுந்துருச்சு. லெப்டொப் பேட்டரி செத்துத்தான் ஒரு வருசமாச்சே. படக்குன்னு அணைஞ்சிருச்சு. நூறாவதும் அதோட நின்னுருச்சு.

— ம்… பெறகு?

— பெறகென்ன, மறுபடி மொதல்ல இருந்து ஓட விட்டேன்.

— கரண்ட் இல்லாத லயத்துலயா?

— லுணுகலை டவுன்ல. ஜௌபர் நானா கடையில.

— அந்த மழையில ஓட்டோ கெடைச்சுதா?

— எங்க கெடைச்சுது… நடந்தேதான். அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறப்ப இடுப்புல கட்டுற படங்கு இருக்குல்ல, அதுல சுத்தி, மேல பொலித்தீன் போட்டு… லெப்டொப்புல ஒரு சொட்டு படல!

— உங்க மேல?

— எனக்கென்ன, நான் என்ன மெசினா?

— நானா என்ன சொன்னாரு?

— டவுன்லயும் கரண்ட் விட்டு விட்டுத்தான் வந்துச்சு. ஐஸ்கிரீம் பெட்டி கரண்ட் போனாலும் நிக்காம ஓட ஒரு இன்வெர்ட்டர் வச்சிருக்காருல்ல… நான் வெவரம் சொல்லி முடிக்கல. “தங்கச்சிட படிப்பா?”ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். ஐஸ்கிரீம் பெட்டியக் கழட்டிட்டு இதச் சொருகிட்டாரு.

— ஐயையோ, ஐஸ்கிரீமெல்லாம்?

— டியூசன் விட்டு வந்த புள்ளைகளக் கூப்பிட்டுச் சும்மா குடுத்தாரு. அந்தக் குளிருக்குள்ள நடுங்கி நடுங்கித் தின்னுச்சுங்க. தொழுகைக்குப் போறப்ப மகள் நஸ்மியாவ காவலுக்கு வச்சாரு. இன்னைக்கு வெடியத்தான் ஓடி முடிஞ்சுது. தூக்கிட்டு வந்தேன்.

— முடிஞ்சிருச்சா! அப்ப ஏன் என்னைத் தொறக்க விடமாட்டேங்குறீங்க?

— அது… புதனுக்குப் போடுற எண்ண எழுதி நீ சுவத்துல ஒட்டியிருந்தியே, அந்தத் தாள சட்டைப் பையில வச்சுக் கொண்டு போனேன்.

— சரி.

— பை நனைஞ்சிருச்சு. கடைசி எண் மட்டும் கலங்கிப் போச்சு. நஸ்மியா மூணுன்னுச்சு. நான் எட்டுன்னேன்.

— என்ன போட்டீங்க?

— எட்டு. எட்டுக் கோளுதானேன்னு ஒரு…

— நான் போட்ட எண்ணெல்லாம் எழுதி வச்ச கொப்பியக் குடுங்க.

— திட்டிரு சக்தி. எட்டு மாசப் படிப்ப ஒத்த எண்ணுல கெடுத்துட்டேன்.

— பேசாம இருங்க. முன்னாடி ஒரு தடவை இதே எண்ணப் போட்டிருந்தா அம்புட்டும் வீண்… இருங்க… இல்ல… இங்கயும் இல்ல…

— அழுவுறியா?

— சிரிக்கிறேங்க! இது நான் போடவே போடாத எண்ணு. தாள்ல மூணுதான் எழுதியிருந்தேன். ஆனா எட்டுன்னாலும் சரிதான்.

— அது எப்படிச் சரியாகும்?

— ஒவ்வொரு தடவையும் நானே அந்தக் கடைசியிலதாங்க மாத்துறேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும், புதன மட்டும் ஒரு துளி நகத்தி வைப்பேன்.

— துளின்னா?

— கொழுந்து நுனி அளவுகூட இருக்காது.

— அதுக்குப் போயா இந்தப் பாடு!

— அந்தத் துளி வளருங்க. வியாழன் தூரத்துல இருந்து இழுக்க இழுக்க, புதனோட பாதை நீண்டு போயி வெள்ளியில மோதினாலும் மோதும். நூத்துல ஒரு தடவை அப்படி ஆகலாம்னு பெரிய ஆளுங்க கணக்குப் போட்டிருக்காங்க. எந்தத் துளி எங்க கொண்டு போய் விடும்னு ஓட விட்டுத்தான் பாக்கணும்.

— அப்ப நான் போட்ட எட்டு கணக்குல சேருமா?

— சேரும்.

— முருகா…! உக்காரு, உக்காரு. தொற. புதன் இருக்கா பாரு!

— இருங்க… இருக்கு. வெள்ளி இருக்கு. பூமி… எட்டும் இருக்குங்க. அதது பாதையில.

— ஐநூறு கோடி வருசம் கழிச்சும்?

— கழிச்சும்.

— நான் ஏத்துன வெளக்கு வீண் போகல.

— என்ன வெளக்கு?

— அன்னைக்கு இத ஓட விட்டுட்டு, நானா கடையில இருந்து நேரா கோயிலுக்குத்தான் போனேன். நவகிரகத்த ஒம்பது சுத்து. புதனுக்கு மட்டும் தனியா ஒரு வெளக்கு.

— கம்ப்யூட்டர் கணக்குக்கு வெளக்கா? சேர் கேட்டா சிரிப்பாரு.

— சிரிக்கட்டும். அங்க ஒம்பது பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்காமத்தான் நிக்கிறாங்க. எப்படி மோதுவாங்க?

— நல்ல வெளக்கம்தான்! நாளைக்கு வடை சுடறேன், நானாவுக்குக் கொண்டு போங்க. அவரு அந்தப் பெட்டியக் கழட்டுனது சின்ன வேலைதான். ஆனா எனக்குப் பட்டமே அதுலதானே நிக்குது.

— சக்தி… ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்க.

— வியாழக்கிழமை ராத்திரி போன்ல, “தலையத் தொடைச்சீங்களா”ன்னு கேட்ட. நான் நனைஞ்சத உனக்குச் சொல்லவே இல்லையே?

— ஓட ஆரம்பிக்கிறப்ப எல்லாம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும்ங்க. அன்னைக்குச் சாயங்காலம் நாலரைக்கு வந்துச்சு. ஓடிக்கிட்டு இருந்தது மறுபடி ஆரம்பிக்குதுன்னா இங்க கரண்ட் போயிருக்கணும்; மழையில போன கரண்ட் லேசுல வராது, நீங்க மழைக்குள்ள தூக்கிட்டு ஓடியிருக்கீங்கன்னு வெளங்கிருச்சு. கேட்டா பதறிப் போவீங்கன்னு வாயத் தொறக்கல. பண்டாரவளைக் கோயில்ல நானும் ரெண்டு வெளக்கு ஏத்துனேன்… புதனுக்கு ஒண்ணு, நனைஞ்ச உங்க தலைக்கு ஒண்ணு. சேர்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.