பாப்கார்ன் விக்காத படம்

...இல்ல சார், தண்ணி பாட்டில் தரேன், ஆனா ஒரு பாப்கார்னும் சேத்து வாங்கினா என்ன கொறஞ்சா போயிடுவீங்க? காலையில பொரிச்சது, அப்படியே கெடக்கு. போன வாரம் அடிதடிப் படம் ஓடுச்சு, இன்டர்வெல்ல எனக்கு ரெண்டு கை பத்தல. இந்தப் படத்துக்குப் பாருங்க, இன்டர்வெல்லயும் ஈதான் ஓட்டுனேன். நேத்து ஒருத்தர், பாவம், உள்ள போய் ஒரே ஒரு சிப்ஸக் கடிச்சிருக்காரு. மொத்த தியேட்டரும் திரும்பி மொறச்சுதாம். மீதிய என் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாரு.

அப்படி என்னதான் இருக்கு அந்தப் படத்துல? கதவுச் சந்து வழியா நானும் பாத்தேன். ஒரு பொம்பள, புருஷன் செத்துட்டான். ஒரு ஆளு, பொண்டாட்டி செத்துட்டா. ஒருத்தர ஒருத்தர் யாருன்னே தெரியாது. பெஞ்சுல அந்தக் கோடியில அவ, இந்தக் கோடியில இவன். மழ பெய்யுது. பாக்குறாங்க. பெய்யுது... பாக்குறாங்க. நான் மெஷினத் தொடச்சு, தரையக் கூட்டிட்டு வந்து எட்டிப் பாத்தா, இன்னும் பெஞ்சுலதான்! கடைசியா அந்தாளு வாயத் தொறந்து 'குளிருதா'ன்னு கேட்டான். அவ்வளவுதான், உள்ள எல்லாரும் மூக்கச் சிந்துறாங்க. ஒரு 'குளிருதா'வுக்கு இந்தப் பாடா?

அட, நீங்களுமா? கண்ணு செவந்திருக்கே. இந்தாங்க டிஷ்யூ. இப்ப என் கடையில தீருறது அது ஒண்ணுதான், அதுவும் ஓசி.

சிரிக்காதீங்க சார், எனக்கு வயித்தெரிச்சல். இந்தக் கதவுகிட்ட டார்ச்ச வெச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பாரே, ஞாபகம் இருக்கா? மீசக்காரரு? உங்களயெல்லாம் சீட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய் உக்கார வெப்பாரே? அவரு எங்க வீட்டுக்காரரு. போன மாசம் போய்ச் சேந்துட்டாரு. நெஞ்சு வலி. வாரா வாரம் வர்ற ஆளுங்கதான சார் எல்லாரும், ஒருத்தராவது 'அந்த மீசக்காரர் எங்கேம்மா'ன்னு கேக்கணுமே? கேக்கல. அவங்கவங்க செல்போன் லைட்டப் போட்டுக்கிட்டுப் போறாங்க. போய் உக்காந்து, எவளோ ஒருத்தி புருஷனுக்கு ஓன்னு அழுவுறாங்க. எனக்கு ஆத்திரமா வருது. நீங்களும் அடிக்கடி வர்றவருதான், உங்களுக்குக்கூடவா...

என்ன சார், கதவையே பாக்குறீங்க? மியூசிக் ஆரம்பிச்சிருச்சா? ஆமாமா, கடைசி சீன் அது. ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுவாங்க. ரொம்ப நல்லா இருக்கும். போங்க போங்க, விட்டுடாதீங்க.

பாத்துப் போங்க சார்... உள்ள இருட்டா இருக்கும்.